இரண்டு வானொலிகளுக்கு நடுவே: லோன் ஜஸ்டிஸ் எழுந்ததும் உடைந்ததும்

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: “1980களில் கன்ட்ரி இசையையும் நியூ வேவையும் கலந்து பாடிய லோன் ஜஸ்டிஸ் என்ற அமெரிக்கக் குழுவை, அடுத்து பெரிதாக வரப்போகிறவர்கள் என்று எல்லோரும் சொன்னார்களாமே. அப்புறம் ஏன் இரண்டே ஆல்பத்தோடு முடிந்துபோனது? பாடகி தனியாகப் புகழ் தேடிப் போனதுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?”

பாதிதான் உண்மை. பாடகி மரியா மெக்கீ கடைசியில் தனியாகப் போனார் என்பது சரி. ஆனால் அவர் போகும்போது, ஆரம்பத்தில் அவரோடு இருந்தவர்களில் ஒருவர்கூட அங்கே மிச்சமில்லை. இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது ஒரு குழுவோடு. சந்தையில் கொண்டுபோய் வைக்க நினைத்ததோ ஒரு பெண்ணின் குரலை மட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழு கரைந்தது என்பது என் கருத்து. அது எப்படி நடந்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்கக் கிராமப்புறப் பாட்டான கன்ட்ரி இசை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நாஷ்வில் நகரமும் தென் மாநிலங்களும்தான். லோன் ஜஸ்டிஸ் பிறந்ததோ லாஸ் ஏஞ்சலஸில். அதனால் நகரத்துப் பிள்ளைகள் கௌபாய் தொப்பி மாட்டிக்கொண்டு வேஷம் போட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. கலிஃபோர்னியாவுக்கு அந்த இசையில் சொந்தப் பாத்தியதை உண்டு. 1930களில் ஓக்லஹோமா, டெக்சஸ், ஆர்க்கன்சா பகுதிகளில் மழை பொய்த்து, மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்துபோனது. நிலத்தை இழந்த குடும்பங்கள் சாமான்களை வண்டியில் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவின் பருத்தி வயல்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் கூலி வேலைக்கு வந்தன. வரும்போது பாட்டையும் கொண்டுவந்தன. அந்தக் குடியேறிகள் நிறைந்த பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கத்திலிருந்துதான் பக் ஓவன்ஸும் மெர்ல் ஹாகர்டும் எழுந்தார்கள். நாஷ்வில்லில் வயலின் கூட்டங்களை வைத்துப் பாட்டை மெழுகிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் எலெக்ட்ரிக் கிட்டாரைச் சுள்ளென்று ஒலிக்கவிட்டுக் குடிக்கடை மேடைகளில் வாசித்தவர்கள்.

பிழைப்பு தேடி ஊரை விட்டு வந்தவர்களின் பாட்டு இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1982இல் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி லாஸ் ஏஞ்சலஸ் கிளப்பில் நின்று புழுதிக்காலத்துப் பஞ்சத்தைப் பாடினாள் என்றால், அது அவளுடைய மாநிலத்தின் கதை.

அந்தப் பெண்தான் மரியா மெக்கீ. 1964இல் பிறந்தவர். அவருடைய அண்ணன் பிரையன் மக்லீன், 1960களில் லவ் என்ற புகழ்பெற்ற ராக் குழுவில் கிட்டார் வாசித்துப் பாட்டும் எழுதியவர். தாய் ஒருவர், தந்தை வேறு. வயதில் கிட்டத்தட்ட பதினெட்டு ஆண்டு மூத்தவர். பதின்வயதிலேயே மரியா அண்ணனோடு மேடை ஏறிப் பாடியிருக்கிறார். 1982இல் அவரும் ரயன் ஹெட்ஜ்காக் என்ற கிட்டார்காரரும் சேர்ந்து லோன் ஜஸ்டிஸை ஆரம்பித்தார்கள். ரயனுக்கு ராக்கபிலி என்ற ஐம்பதுகளின் வேக இசையில் ஈடுபாடு. தொடக்கத்தில் பழைய கன்ட்ரி பாடல்களையே எடுத்து வாசித்தார்கள். ஆனால் பழையபடி நிதானமாக அல்ல, பங்க் என்ற முரட்டு ராக் வாசிக்கும் குழுவின் வேகத்தில், மூச்சு விடாமல்.

அந்த வேகத்துக்கும் ஓர் இடம் இருந்தது. 1977க்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் பங்க் கொழுந்துவிட்டு எரிந்தது. 1980களின் தொடக்கத்தில் அதன் குழுக்கள் பல வேறு வேர்களைத் தேட ஆரம்பித்தன. பிளாஸ்டர்ஸ் பழைய ரிதம் அண்டு புளூஸைக் கையில் எடுத்தார்கள். லாஸ் லோபோஸ் தங்கள் மெக்சிகோ வழி மரபை ராக்கோடு கட்டினார்கள். எக்ஸ் என்ற பங்க் குழுவினர் கன்ட்ரி வாசிப்பதற்கென்றே நிட்டர்ஸ் என்று இன்னொரு குழு வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைகள் இந்தக் கலவைக்குக் கௌபங்க் என்று பெயர் வைத்தன. நியூ வேவ் என்பது இன்னும் அகலமான பெயர். பங்க்கின் சுருக்கத்தையும் துடிப்பையும் வைத்துக்கொண்டு, சின்தசைசர், நடன தாளம், பழைய பாப் என்று எதையும் உள்ளே விட்டவர்களை எல்லாம் அதில் சேர்த்தார்கள். லோன் ஜஸ்டிஸ் முதலில் கௌபங்க் ஓரத்தில் இருந்து, போகப் போக நியூ வேவ் ஒலியின் பக்கம் தள்ளப்பட்ட குழு. எவ்வளவு தூரம் தள்ளப்பட்டது என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

அடுத்து வந்த இரண்டு பேர் குழுவை நிமிர்த்தினார்கள். ஒருவர் பேஸ் வாசித்த மார்வின் எட்சியோனி. அவர் பாட்டு எழுதுகிறவர். பிறர் பாட்டை வாசித்துக்கொண்டிருந்த குழு சொந்தப் பாட்டுக் குழுவாக மாறியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொருவர் டிரம்மர் டான் ஹெஃபிங்டன். கன்ட்ரி பாடகி எமிலூ ஹாரிஸின் ஹாட் பேண்டு என்ற குழுவில் வாசித்தவர். கன்ட்ரி தாளம் அவர் கையில் பழகிக் கிடந்தது. இருபதைத் தொடாத பாடகியின் பின்னால் இப்படி ஓர் அனுபவசாலி உட்கார்ந்திருந்ததால்தான் அந்த வேகம் கட்டு மீறாமல் நின்றது. பொதுவாக டிரம்மர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இந்தக் குழுவைக் கேட்கும்போது ஹெஃபிங்டனைக் கவனியுங்கள். ஓடுகிற ரயிலின் சத்தம் மாதிரி அவர் ஸ்நேர் டிரம்மில் போடும் உருட்டு இல்லாவிட்டால் பாதிப் பாட்டு எழுந்தே நிற்காது.

நார்த் ஹாலிவுட்டில் பாலமினோ என்று ஒரு கிளப் இருந்தது. 1949இல் தொடங்கியது; கன்ட்ரியின் பெரிய தலைகள் எல்லாம் பாடிய மேடை. பங்க் கிளப்புகளிலும் வாசித்துவிட்டு அந்தப் பாலமினோவிலும் போய் வாசிக்கிற குழுவாக லோன் ஜஸ்டிஸ் இருந்தது. இரண்டு கூட்டமும் ஏற்றுக்கொண்டது. செய்தி பரவியது. கன்ட்ரி நட்சத்திரம் டாலி பார்ட்டனே ரசிகையானார். பாடகி லிண்டா ரான்ஸ்டாட் கேட்டுவிட்டு எடுத்துச் சொல்ல, கெஃபன் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் கிடைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கெஃபன் ரெக்கார்ட்ஸ் என்பது டேவிட் கெஃபன் 1980இல் தொடங்கிய கம்பெனி. பெரிய பெரிய பெயர்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் ராக் பாடகர் நீல் யங். அவர் ஒரு கன்ட்ரி ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கம்பெனி வேண்டாம் என்றது, ராக் ஆல்பம் கேட்டது. அவர் கோபத்தில் ஐம்பதுகளின் ராக்கபிலி பாணியில் ஓர் ஆல்பம் செய்து கொடுத்தார். உங்கள் இயல்புக்கு ஒத்துவராத இசையைத் தருகிறீர்கள் என்று 1983இல் கம்பெனி அவர் மேலேயே வழக்குப் போட்டது. நீல் யங்கின் கன்ட்ரியையே தாங்க முடியாத அதே கம்பெனிக்குத்தான், ஏறக்குறைய அதே சமயத்தில், கன்ட்ரியும் ராக்கபிலியும் பங்க்கும் கலந்து வாசிக்கிற இந்தச் சின்னக் குழு போய்ச் சேர்ந்தது. அங்கே இவர்களிடம் என்ன எதிர்பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

தயாரிப்பாளராக வந்தவர் ஜிம்மி அயோவீன். பின்னாளில் பீட்ஸ் ஹெட்ஃபோன் கம்பெனி மூலம் எல்லோருக்கும் தெரிந்தவர். அப்போதே பாட்டி ஸ்மித், டாம் பெட்டி, ஸ்டீவி நிக்ஸ் ஆகியோரை வெற்றிபெற வைத்திருந்தார். திறமைசாலி, சந்தேகமில்லை. அவருக்கு இருந்த தொடர்புகளும் பெரியவை. டாம் பெட்டியும் மைக் கேம்ப்பெல்லும் எழுதிய ‘வேய்ஸ் டு பி விக்கிட்’ இவர்களுக்கு வந்தது. பெட்டியின் கீபோர்டு கலைஞர் பென்மான்ட் டென்ச் கிட்டத்தட்ட குழுவில் ஒருவராகவே ஆனார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் தோழர் ஸ்டீவன் வான் ஸான்ட் கூட உட்கார்ந்து பாட்டு எழுதினார். பாப் டிலன் ஒரு பாட்டைக் கொடுத்து ஒலிப்பதிவுக்கும் வந்து வாசித்தார். அது ஆல்பத்தில் சேராமல் ஒரு சிங்கிளின், அதாவது ஒரு பாட்டை முன்னிறுத்தி விற்கும் தட்டின், மறுபக்கத்தில் போனது.

1985 ஏப்ரலில் முதல் ஆல்பம் வந்தது. குழுவின் பெயரே ஆல்பத்தின் பெயர். பத்துப் பாட்டு. நல்ல ஆல்பம், இன்றைக்கும் முழுதாகக் கேட்கலாம். பிரையன் மக்லீன் தங்கைக்குக் கொடுத்த ‘டோன்ட் டாஸ் அஸ் அவே’ அதில் இருக்கிறது. மெதுவான கன்ட்ரி காதல் பாட்டு. இருபது வயதுக் குரலா இது என்று திகைக்க வைக்கும். ஆனால் ஆல்பத்தின் ஒலியைக் கவனித்தால் வேறொன்று தெரியும். அந்தக் காலத்து நாகரிகப்படி டிரம் பெரிய மண்டபத்தில் அறைந்தது போல எதிரொலியோடு வருகிறது. ஹெஃபிங்டனின் ரயில் உருட்டு அதில் அமுங்கிவிடுகிறது. கிளப்பில் அவர்கள் வாசித்த பஞ்சகாலப் பாடல்களில் பலவற்றுக்கு ஆல்பத்தில் இடமில்லை. குரல் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால், வெளிச்சத்தில் நிற்கிறது.

விளம்பரம் அதற்கு முன்பே உச்சத்துக்குப் போயிருந்தது. ஆல்பம் வருவதற்குள்ளேயே இதுதான் அடுத்த பெரிய குழு என்று பத்திரிகைகள் எழுதிவிட்டன. யூ2 குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் முன்கச்சேரி வாசித்தார்கள், டாம் பெட்டியோடும் போனார்கள். இவ்வளவுக்கும் பிறகு பில்போர்டு என்ற அமெரிக்கத் தரவரிசைப் பட்டியலில் ஆல்பம் எட்டிய உயரம் 56. ‘வேய்ஸ் டு பி விக்கிட்’ 71இல் நின்றது, அடுத்த சிங்கிள் 73இல். புதிய குழு ஒன்றுக்கு இது மோசமான எண்ணிக்கையே இல்லை. ஆனால் எதிர்பார்ப்பை வானத்தில் ஏற்றி வைத்துவிட்டால் 56 என்பது தோல்வியாகத்தான் தெரியும். முன்னால் வந்த அந்தப் புகழுரைதான் குழுவுக்கு விழுந்த முதல் அடி என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது அடி வானொலி. அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒவ்வொன்றும் ஒரு வகை இசைக்கு என்று ஒதுக்கப்பட்டவை. ராக் நிலையத்துக்கு இவர்கள் கன்ட்ரியாகத் தெரிந்தார்கள், கன்ட்ரி நிலையத்துக்கு ராக்காகத் தெரிந்தார்கள். போதாததற்கு, 1980இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தால் கிளம்பிய கௌபாய் மோகம் வடிந்து, கன்ட்ரியே தளர்ந்து கிடந்த நேரம் அது. இருந்தாலும் வானொலி மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. காரணம் டுவைட் யோக்கம் என்ற கன்ட்ரி பாடகர். இதே ஊர், இதே கிளப்புகள்; இதே பங்க் கூட்டத்தின் முன்னால் பாடியவர். அவர் பேக்கர்ஸ்ஃபீல்டு ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு நேராகக் கன்ட்ரி வாசலுக்குப் போனார். 1986இல் அவருடைய முதல் முழு ஆல்பம் கன்ட்ரி வானொலியில் வெற்றிபெற்றது. லோன் ஜஸ்டிஸுக்கு அந்த வழி மூடியிருக்கவில்லை. கம்பெனி அவர்களை அந்தப் பக்கம் கொண்டுபோக விரும்பவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாடல்கள் விலைபோகாத பாடல்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1985இலேயே, மரியா எழுதிய ‘எ குட் ஹார்ட்’ என்ற பாட்டை ஃபியர்கல் ஷார்க்கி பாடி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். ‘டோன்ட் டாஸ் அஸ் அவே’யை பாட்டி லவ்லெஸ் பாடி, 1989இல் கன்ட்ரி பட்டியலின் முதல் ஐந்துக்குள் கொண்டுபோனார். பாட்டு அதேதான், பாடகரும் முகவரியும் மாறின. ஒரே பெட்டிக்குள் அடங்குகிற ஒருவர் பாடியதும் உலகம் கேட்டுக்கொண்டது.

சரி, குழுவுக்கு வருவோம். முதல் ஆல்பத்துக்குப் பிறகு எட்சியோனி போனார், ஹெஃபிங்டன் போனார், பின்னாலேயே ஹெட்ஜ்காக்கும் போனார். சண்டை, துரோகம் என்று பெரிய நாடகம் எதுவும் தேவைப்படவில்லை. எல்லாப் புகைப்படத்திலும் ஒரே முகம், எல்லாப் பேட்டியிலும் ஒரே பெயர் என்று ஆகும்போது, கூட நிற்பவர்களுக்குத் தாங்கள் எதற்கு என்ற கேள்வி வந்துதானே தீரும்? குறிப்பாக ஹெட்ஜ்காக். குழுவைச் சேர்ந்து தொடங்கியவர் அவர். அவரும் இல்லாமல் அதே பெயரில் குழு தொடர்ந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மரியா மேல் பழி போடுவது எளிது. ஆனால் அவர் வயதைப் பாருங்கள். இருபத்தொன்று. சுற்றிலும் உலகத்தின் பெரிய இசைக்காரர்கள், கம்பெனியின் பணம், “நீதான் நட்சத்திரம்” என்று தினமும் சொல்கிற குரல்கள். பதினெட்டு வயதில் நண்பனோடு தொடங்கிய ஒன்றைக் காப்பாற்றும் பலம் அந்த வயதில் எத்தனை பேருக்கு இருக்கும்?

1986இல் இரண்டாவது ஆல்பம் ‘ஷெல்டர்’ வந்தது. ஆட்கள் புதியவர்கள்: கிட்டாரில் ஷேன் ஃபான்டெய்ன், கீபோர்டில் பாட்டி ஸ்மித்தோடு வாசித்த புரூஸ் பிராடி, பேஸில் கிரெக் சட்டன், டிரம்மில் ரூடி ரிச்மன். யாரும் சோடையில்லை, ஃபான்டெய்ன் பின்னால் ஸ்பிரிங்ஸ்டீனோடு சுற்றுப்பயணம் போனவர். தயாரிப்பில் அயோவீனோடு வான் ஸான்டும் இருந்தார். இந்த ஆல்பத்தில் கன்ட்ரி அநேகமாக இல்லை. சின்தசைசர் நிறைந்த, அரங்கத்துக்கு என்று செய்த, எண்பதுகளின் பெரிய ஒலி. தலைப்புப் பாட்டு உண்மையிலேயே அழகானது. அது 47ஆம் இடம் வரை போனது, குழுவின் சிங்கிள்களில் அமெரிக்காவில் அதிக உயரம் தொட்டது அதுதான். ஆல்பமோ 65ஐத் தாண்டவில்லை. கலவையை நீக்கினால் விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். நீக்கியபின் முன்னதைவிடக் குறைவாகத்தான் விற்றது.

1987இல் யூ2வின் ‘ஜோஷுவா ட்ரீ’ பயணத்தின் தொடக்கத்தில் மறுபடியும் முன்கச்சேரி வாசித்தார்கள். அந்த ஆண்டிலேயே மரியா குழுவைக் கலைத்துவிட்டார். 1989இல் தன் பெயரிலேயே ஆல்பம் போட்டார். 1990இல் ஒரு கார்ப் பந்தயப் படத்துக்காக அவர் பாடிய ‘ஷோ மீ ஹெவன்’ பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. கம்பெனி எதிர்பார்த்த நட்சத்திரம் ஒருவழியாக வந்தது. வேடிக்கை என்று இதை நான் சொல்லமாட்டேன், வருத்தம் என்றே சொல்வேன்: அந்தப் பாட்டில் பாலமினோ கிளப்பின் வாசனை ஒரு துளிகூட இல்லை.

அந்தக் காலத்தில் இப்படிக் கலந்து வாசித்த மற்றவர்களும் நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டில்ஸ் என்ற பங்க் குழுவின் கின்மன் சகோதரர்கள் தொடங்கிய ரேங்க் அண்டு ஃபைல், ‘சன்டவுன்’ என்ற அருமையான ஆல்பத்தை 1982இல் தந்துவிட்டு, 1987இல் கன்ட்ரியையே விட்டுவிட்டு முடிந்துபோனது. ராட் ஐலண்டு கலைக்கல்லூரிப் பக்கத்திலிருந்து வந்த ரப்பர் ரோடியோ, பெடல் ஸ்டீல் கிட்டாரையும் சின்தசைசரையும் ஒரே பாட்டில் வைத்தது. (நம்மூர்க் கோட்டுவாத்தியத்தில் கட்டையை வழுக்கிக் கமகம் எழுப்புவது போல, இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பது பெடல் ஸ்டீல். கன்ட்ரியின் அழுகுரல் அதில்தான்.) மெர்க்குரி கம்பெனியில் 1984, 1986 என இரண்டு ஆல்பம், அதோடு சரி. பிறகு 1990இல் அங்கிள் டுப்பெலோ வந்து இதே வேலையைச் செய்தபோது, அதற்கு ஆல்ட்-கன்ட்ரி என்று தனிப் பெயரும் தனிப் பத்திரிகையும் தனி ரசிகர் கூட்டமும் உருவாயின. லோன் ஜஸ்டிஸுக்கு அப்படி ஒரு முகவரி கிடைத்திருந்தால் 56ஆம் இடத்தை யாரும் தோல்வி என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

நண்பர்கள் நிரந்தரமாகப் பிரிந்துவிடவில்லை என்பது எனக்கு ஆறுதலான செய்தி. 1993இல் மரியாவின் இரண்டாவது தனி ஆல்பத்தில் எட்சியோனியும் ஹெஃபிங்டனும் வந்து வாசித்தார்கள். அந்தக் காலத்துப் பதிவுகளை எடுத்து, ஹெட்ஜ்காக்கையும் சேர்த்துக்கொண்டு, 2024இல் ‘விவா லோன் ஜஸ்டிஸ்’ என்று ஒரு ஆல்பமே வெளிவந்தது. ஹெஃபிங்டன் அதைப் பார்க்க இல்லை; 2021இல் காலமானார். அவருடைய டிரம் மட்டும் அதில் இருக்கிறது.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் இந்தக் குழுவைத் தலைகீழாகக் கேட்டவன். முதலில் ‘ஷோ மீ ஹெவன்’, அப்புறம் ‘ஷெல்டர்’, அப்புறம் முதல் ஆல்பம். கடைசியாகத்தான் ‘வாட் டேப்ஸ்’ கையில் கிடைத்தது. 1983 டிசம்பரில், ஒப்பந்தத்துக்கு முன்னால், டேவிட் வாட் என்ற ஒலிப்பதிவாளர் குழு ஒன்றாக நின்று வாசித்ததை அப்படியே இரண்டு டிராக்கில் பதிந்து வைத்தது. 2014இல்தான் வெளியே வந்தது. ‘சோப், சூப் அண்டு சால்வேஷன்’ என்ற பாட்டு அதிலும் இருக்கிறது, 1985 ஆல்பத்திலும் இருக்கிறது. ஏழைகளுக்குச் சோப்பும் சூப்பும் கொடுத்து ரட்சிப்பையும் சொல்லும் சால்வேஷன் ஆர்மியின் முழக்கம் அந்தத் தலைப்பு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், முதலில் 1983. அதில் ஹெட்ஜ்காக்கின் கிட்டார் இடது பக்கம் யார், வலது பக்கம் யார் என்று பார்க்காமல் மரியாவின் குரலோடு முட்டிக்கொண்டு ஓடும். மூன்றாவது கேட்பில் நீங்கள் குரலை விட்டுவிட்டு டிரம்மைப் பின்தொடர ஆரம்பித்திருப்பீர்கள்.